மூவாயிரம் சொல் தெரியும், லிஃப்ட் நோட்டீஸ் புரியாது

சிங்கப்பூரில் சில வருடங்களாக மாலை வேளைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து வந்தவர்கள். சலூனில் வேலை செய்யும் பெண், முதியோர் இல்லத்தில் நர்ஸ், பஸ் ஓட்டுநர், பிள்ளையின் படிப்புக்காகக் கூடவே வந்து தங்கியிருக்கும் அம்மாக்கள். இந்தக் கடைசி வகைக்கு இங்கே ‘ஸ்டடி மாமா’ என்று பெயர். நம் காதுக்கு மாமன் உறவு மாதிரிக் கேட்கும். சீனத்தில் மாமா என்றால் அம்மா.

“அவங்களுக்கு ஏபிசிடியிலிருந்து ஆரம்பிக்கணுமே, எப்படிச் சமாளிக்கிறீங்க?” என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. ஏபிசிடி எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சீனாவில் பள்ளி முடித்தவருக்கு ஆங்கிலம் பல வருடப் பழக்கம். பல்கலைக்கழகத்துக்குப் போகும் காவ்காவ் தேர்வில் பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண். சீனம், கணக்கு, ஆங்கிலம் மூன்றுக்கும் தலா 150. பாடத்திட்டத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்கள். கல்லூரியில் சேர்ந்தால் 1987-இலிருந்து நடந்துவரும் கல்லூரி ஆங்கிலத் தேர்வு வேறு, நான்காம் நிலை, ஆறாம் நிலை என்று காத்திருக்கும். அதற்கான சொல் புத்தகங்கள் பலவும் அகர வரிசையில் ‘அபாண்டன்’ என்று தொடங்கும். அதாவது, கைவிடு. எடுத்த எடுப்பிலேயே கைவிடச் சொல்லுகிற புத்தகம் என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். அந்த முதல் சில பக்கங்கள் மட்டும் எல்லோருக்கும் தண்ணிபட்ட பாடு.

இவ்வளவு படித்தவர்கள் தடுமாறுவது தங்கள் வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்கின் லிஃப்ட் வாசலில் நகர மன்றம் ஒட்டிவைக்கும் நோட்டீஸில்.

சலூன்காரப் பெண் ஒருநாள் அப்படி ஒன்றை போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். அதில் இருந்த வாக்கியம் ஏறக்குறைய இதுதான்: ‘தி லிஃப்ட் சர்விங் யூனிட்ஸ் ஆன் தி டென்த் ஃப்ளோர் வில் பி ஷட் டவுன் ஆன் மண்டே.’ இதில் அவருக்குத் தெரியாத சொல் ஒன்றுகூடக் கிடையாது. லிஃப்ட் தெரியும், யூனிட் தெரியும், ஷட் தெரியும், ‘சர்வ்’ என்றால் சேவை செய்வது என்றும் தெரியும். ஆனால் அவர் கேட்ட கேள்வி: “டீச்சர், மண்டே ஹூ கம்? ஹூ சர்வ்?” திங்கட்கிழமை யாரோ பத்தாவது மாடிக்குச் சேவை செய்ய வருகிறார்கள், அவர்களுக்காகக் கதவைச் சாத்தி வைக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் எங்கே இடறினார் என்பது தமிழ் பேசுகிறவருக்குச் சட்டென்று பிடிபடும். அந்த நோட்டீஸை நாம் எப்படிச் சொல்வோம்? ‘பத்தாவது மாடி வீடுகளுக்குச் செல்லும் லிஃப்ட்.’ விவரமெல்லாம் முன்னால் வந்து, லிஃப்ட் கடைசியில் வருகிறது. சீனமும் அப்படியே. ‘நேற்று வந்த ஆள்’ என்பதைச் சீனத்தில் ‘ட்சுவோதியென் லாய் த ரென்’ என்பார்கள். நேற்று, வா, த, ஆள். நம் பெயரெச்சம் இருக்கும் இடத்தில் அவர்களுக்கு அந்த ‘த’ இருக்கிறது. ஆங்கிலம் ஆளை முதலில் நிறுத்திவைத்துவிட்டு, அவர் யார், எப்போது வந்தார் என்று வால் வாலாகக் கோத்துக்கொண்டே போகும்.

ஆகவே சீன மாணவர் ஆங்கில வாக்கியத்தைப் படிக்கும்போது கண் வாக்கியத்தின் கடைசிக்குப் போய், அங்கிருந்து பின்னோக்கி வந்து, மனதுக்குள் சீன வரிசையில் அடுக்கப் பார்க்கும். எட்டுச் சொல் வாக்கியம் என்றால் சமாளித்துவிடலாம். இருபது சொல் ஆனதும் நூல் அறுந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. சீன வினைச்சொல் உருமாறுவதே இல்லை. நமக்குச் ‘செல்லும்’ என்பதற்கும் ‘செல்கிறது’ என்பதற்கும் வித்தியாசம் காதிலேயே விழுகிறது. ஒன்று தொங்குகிறது, மற்றது முடிகிறது. சீனத்தில் இரண்டுக்கும் ஒரே உரு. அதனால் ‘சர்விங்’ என்பதைக் கண்டதும் இதுதான் வாக்கியத்தின் வினை என்று பிடித்துக்கொள்கிறார்கள். உண்மையான வினை ‘வில் பி ஷட்’ என்று ஐந்து சொல் தாண்டி உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு நான் கையாளும் வழி ரொம்ப எளிமையானது. பென்சிலை எடுத்து, வாக்கியத்தில் காலம் காட்டும் வினையை மட்டும் அடிக்கோடிடச் சொல்வேன். இஸ், வாஸ், வில், ஹேஸ், வினையின் ஈடி (ed) முடிவு. வெறும் ‘இங்’ தனியாக வந்தால் கோடு கிடையாது. அது முடிந்ததும் விரலை முதல் சொல்லில் வைத்து, ஒரு கேள்வி ஒரு பதில் என்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். தி லிஃப்ட். எந்த லிஃப்ட்? சர்விங் யூனிட்ஸ். எந்த யூனிட்ஸ்? ஆன் தி டென்த் ஃப்ளோர். சரி, அதற்கு என்ன? வில் பி ஷட் டவுன். எப்போது? ஆன் மண்டே. விரல் இடப்பக்கம் திரும்பக் கூடாது என்பது ஒன்றே சட்டம். பின்னால் போகத் தோன்றினால் வாக்கியத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், ஆனால் நடுவிலிருந்து பின்னோக்கி நடக்கக் கூடாது.

பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். பெரிய படிப்புப் படித்தவர்கள் முதல் வாரம் கூச்சப்படுவார்கள். ஆனால் தினம் பத்து நிமிடம் இதைச் செய்தவர்களுக்கு ஓரிரு மாதத்தில் படிப்பின் வேகமே மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சொல் புத்தகத்தில் இன்னொரு ஐநூறு சொல் மனப்பாடம் செய்தவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. படிக்கக் கொடுப்பதெல்லாம் வீட்டைச் சுற்றிக் கிடப்பவை: நகர மன்ற நோட்டீஸ், பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் கடிதம், வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி, மருந்துப் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருப்பது. பயிற்சிப் புத்தகங்களில் வரும் ‘அமேசான் காட்டின் தவளைகள்’ வகைக் கட்டுரையைவிட இவை கடினம். ஆனால் புரியாவிட்டால் நஷ்டம் என்பதால் விடாமல் மல்லுக்கட்டுவார்கள்.

தமிழுக்கும் சீனத்துக்கும் குடும்ப உறவு எதுவும் இல்லை. ஆனாலும் இந்த வேலையில் நம் தமிழ் அடிக்கடி கைகொடுக்கிறது. ‘அவர் ரொம்ப உயரம்’ என்று ‘இஸ்’ இல்லாமலே முடித்துவிடுகிறோம். அவர்களும் அப்படித்தான், அதனால்தான் ‘ஹி வெரி டால்’ என்று வருகிறது. ‘இந்தப் படம் நான் பார்த்துட்டேன்’ என்று எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதை முன்னால் எடுத்துப் போடுகிறோம், அவர்களும் போடுவார்கள். நாம் மாத்திரை சாப்பிடுகிறோம், சீனத்திலும் மருந்தைச் சாப்பிடத்தான் செய்கிறார்கள், ஆங்கிலேயன்தான் ‘டேக்’ என்கிறான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர் ‘ஈட் மெடிசின்’ என்பதைக் கேட்டுப் புருவத்தை உயர்த்துவார். நமக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். தமிழர்கள் யாராவது சீனர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர யோசித்தால் தயங்க வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த ஒற்றுமையிலேயே ஆபத்தானது ஆமாம்-இல்லை விவகாரம். ‘வலி இல்லையே?’ என்று தமிழில் கேட்டால், வலி இல்லாதவர் ‘ஆமா, இல்லை’ என்பார். கேட்டவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிறோம். சீனமும் அப்படியே. ஆங்கிலத்தில் ‘யூ டோன்ட் ஹேவ் பெயின்?’ என்றால் வலி இல்லாதவர் ‘நோ’ என்று சொல்ல வேண்டும். முதியோர் இல்ல நர்ஸுக்கு இது அன்றாடப் பிரச்சினை. “ஹேவன்ட் யூ கிவன் ஹிம் தி டேப்லட்?” என்று மேலதிகாரி கேட்கிறார். கொடுக்கவில்லை என்ற அர்த்தத்தில் இவர் “யெஸ்” என்கிறார். கேட்டவர் மாத்திரை கொடுத்தாயிற்று என்று எழுதிக்கொள்ளக்கூடும். இலக்கண விதியை விளக்கி இதைத் திருத்த முடியாது, அவசரத்தில் வாய் பழைய வழிக்கே போகும். எனவே எதிர்மறைக் கேள்விக்கு யெஸ்ஸும் வேண்டாம் நோவும் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்று பழக்குகிறேன். “ஐ ஹேவன்ட் கிவன் இட்.” “ஐ கேவ் இட் அட் நைன்.” வகுப்பில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து வேகமாகக் கேட்டுப் பதில் சொல்லும் பயிற்சி. யெஸ் என்றோ நோ என்றோ ஆரம்பிப்பவர் அவுட்.

ஹி, ஷீ குழப்பத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ‘மை ஹஸ்பண்ட், ஷீ இஸ் எ குக்’ என்பார்கள். சீனத்தில் அவன், அவள், அது மூன்றுக்கும் உச்சரிப்பு ‘தா’ ஒன்றுதான். எழுத்தில் மட்டும் மூன்று. பெண்ணுக்கென்று இருக்கும் தனி எழுத்தைப் பரப்பியவர் லியூ பான்னோங் என்ற கவிஞர், 1920 வாக்கில். ஆக, வாய்க்கு இந்த வேறுபாடு பழக்கமே இல்லை. எழுதச் சொன்னால் பெரும்பாலும் சரியாக எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்தித் திருத்தினால் பேச்சே நின்றுபோகும். நான் வீசாட்டில் (சீனர்களின் வாட்ஸ்அப் மாதிரி) குரல் செய்தி அனுப்பச் சொல்கிறேன். அதில் ஒரு செய்திக்கு 60 வினாடிதான் எல்லை, அதுவே நல்ல அளவு. பெண்கள் தங்கள் கணவர், மகன், முதலாளி யாராவது ஓர் ஆணைப் பற்றியும், ஆண்கள் ஒரு பெண்ணைப் பற்றியும் ஒரு நிமிடம் பேச வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் தானே ஒருமுறை கேட்க வேண்டும். தன் காதால் கேட்டுத் தானே கண்டுபிடித்தவர் அழித்துவிட்டு மறுபடி பேசுவார். அந்த அழிப்பில்தான் பாதிப் பாடம் நடக்கிறது. கணவரைப் பற்றிப் புகார் சொல்ல ஒரு நிமிடம் போதவில்லை என்று இரண்டு மூன்று செய்தியாக அனுப்புகிறவர்களும் உண்டு. நான் தடுப்பதில்லை.

காலம் இன்னும் நுணுக்கமானது. சீனத்தில் வினையோடு ஒட்டி வரும் ‘லெ’ என்பதை இறந்தகாலம் என்று பலர் மனதில் போட்டு வைத்திருக்கிறார்கள். அது நம் ‘ஆச்சு’ மாதிரி. ‘சாப்பிட்டாச்சு’, ‘மழை வந்தாச்சு’ என்கிறோமே, அந்த வேலை. ‘நாளைக்குச் சாப்பிட்டுட்டுப் போறேன்’ என்பதற்கும் அதே ‘லெ’ வரும். எனவே லெ வந்தால் ஈடி போடு என்று கற்றுக்கொண்டவர் கண்டபடி மாட்டிக்கொள்வார். மேலும், ‘யெஸ்டர்டே’ என்று சொல்லியாயிற்று, பிறகு வினையிலும் எதற்கு அதே சேதி என்பது அவர்கள் மனசாட்சியின் கேள்வி. நியாயமான கேள்விதான். பதில் சொல்வதைவிட விளையாட விடுவது மேல். நேற்று, இன்று, தினம் என்ற சொற்களைத் தடை செய்துவிட்டு ஒருவர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், மற்றவர் அது எப்போது என்று சொல்ல வேண்டும். ‘ஐ வெயிட்டட் ஃபார் தி பஸ்’ என்றால் முடிந்த கதை. ‘ஐ வெயிட் ஃபார் தி பஸ்’ என்றால் வழக்கம். ஈடியை விழுங்கிவிட்டால் எதிராளி தப்பாகச் சொல்வார், சொன்னவருக்குத் தோல்வி. அப்போதுதான் அந்தக் குட்டி ஒலிக்கு விலை வருகிறது.

விழுங்குவது என்றேன். இலக்கணம் தெரியாமல் விடுவது வேறு, வாய் வராமல் விடுவது வேறு. மாண்டரின் என்ற பொதுச் சீனத்தில் அசை உயிரொலியிலோ, ‘ன்’, ‘ங்’ போன்ற ஒலியிலோ முடியும், சில இடங்களில் ‘ர்’. க், ட் என்று அடுக்கடுக்காக முடிவதில்லை. ‘வாக்ட்’ என்பது அவர்கள் வாயில் ‘வாக்’ ஆகிவிடும். நாம் ‘வாக்டு’ என்று ஓர் உகரத்தைச் சேர்த்து ஒப்பேற்றுகிறோம், ட் பிழைத்துக்கொள்கிறது. அவர்களுக்கு அது போயே போய்விடும். எழுதிக்காட்டச் சொல்லிப் பார்த்தால் எந்தப் பிரச்சினை என்று தெரியும். எழுத்தில் ஈடி இருந்தால் இலக்கணப் பாடத்தை மூடிவிட்டு வாய்க்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். அடுத்த சொல்லோடு ஒட்டிச் சொன்னால் சுலபமாக வரும்: ‘வாக்ட் இன்’ என்பதை ‘வாக் டின்’ என்று பிரித்து. ‘ஆஸ்க்ட் ஹிம்’ மட்டும் எனக்கே நாக்கு சுளுக்கும்.

சிங்கப்பூரில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்றால் உணவங்காடியில் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், எல்லோரும் பேசும் சிங்கிலீஷ் அதுதான். அந்த ‘ஆல்ரெடி’யே சீன லெ-யின் சாயல். நல்ல ஆங்கிலம் பேசுவோம் என்று 2000-இல் அரசாங்கம் இயக்கம் ஆரம்பித்தும் சிங்கிலீஷ் அசையவில்லை. என் மாணவர்கள் வேலையிடத்தில் கற்பது அதைத்தான். நான் அதைத் தப்பு என்று சொல்வதில்லை. வேலை நேர்காணலுக்கு வேறு சட்டை என்று சொல்லிவிடுவேன்.

பிகாஸ் என்று ஆரம்பித்தால் ‘ஸோ’ வரும், ஆல்தோ வந்தால் கூடவே ‘பட்’ வரும். சீனத்தில் ‘யின்வெய்’ வந்தால் ‘சுவோயி’ வரவேண்டும், அந்தப் பழக்கம். ஒன்றை அடித்துவிடு என்றால் புரிந்துகொள்வார்கள், அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. கமாவும் அப்படித்தான். சீனத்தில் ஒரு பத்தி முழுக்கக் கமாவிலேயே ஓடி, கடைசியில் ஒரு குட்டி வட்டம் போட்டு முடியலாம். ஆங்கிலத்தில் அதே மாதிரி எழுதினால் மதிப்பெண் போகும்.

ஆர்ட்டிகிள் பற்றி என் கட்சி வேறு. நம் ஊர் ஆசிரியர்கள் ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்று உயிரை எடுப்பார்கள். சீன மாணவர்களோ தேர்வில் கோடிட்ட இடம் என்றால் சரியாக நிரப்பிவிடுவார்கள், பேசும்போது ஒன்றும் வராது. சீனத்திலும் தமிழிலும் ஆர்ட்டிகிள் கிடையாது. அது விட்டுப்போனால் கேட்பவருக்குப் பெரும்பாலும் அர்த்தம் கெடுவதில்லை. ஹி, ஷீ மாறினால் கெடும், காலம் மாறினால் கெடும், யெஸ் நோ மாறினால் ஆளே போகலாம். எனவே ஆர்ட்டிகிளை வரிசையின் கடைசியில் வைத்திருக்கிறேன். ஒரே விதிவிலக்கு ‘எ ஃபியூ’, ‘ஃபியூ’. ‘ஃபியூ பேஷன்ட்ஸ் கம்ப்ளெயின்’ என்பதும் ‘எ ஃபியூ பேஷன்ட்ஸ் கம்ப்ளெயின்’ என்பதும் நர்ஸின் அறிக்கையில் எதிரெதிர்ச் செய்தி.

சொல் வளம் என்று வந்தால், பட்டியலில் என்ன கோளாறு? ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு சீனச் சொல் என்று ஜோடி சேர்த்து வைப்பதுதான் கோளாறு. சீனத்தில் ‘காய்’ என்ற ஒரே வினை கதவைத் திறக்கும், விளக்கைப் போடும், காரை ஓட்டும், கூட்டம் நடத்தும். அதனால் ‘ஓப்பன் தி லைட்’. ‘கான்’ என்ற வினை புத்தகம் படிக்கும், படம் பார்க்கும், டாக்டரையும் பார்க்கும். கேட்டால் நம் ‘காண்’ ஞாபகத்துக்கு வரும், தற்செயல்தான். சொல்லைத் தனியாகக் கற்றவருக்கு அதன் சகவாசம் தெரியாது. ‘ஹெவி’ தெரியும், ‘ரெயின்’ தெரியும், ஆனால் ‘பிக் ரெயின்’ என்பார்கள். சீனத்தில் மழை பெரியது.

சலூன் பெண் பட்டியல் கேட்டு நச்சரித்துக்கொண்டே இருந்தார். வெறும் நோட்டைக் கொடுத்து, இந்த வாரம் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஆங்கிலத்தில் என்ன கேட்டார்களோ அதைக் காதில் விழுந்தபடி எழுதி வாருங்கள் என்றேன். எழுத்துப்பிழை பரவாயில்லை, சீன எழுத்தில் ஒலியைக் குறித்தாலும் சரி. அடுத்த வகுப்பில் கொண்டுவந்தது இது: ‘ஜஸ்ட் எ ட்ரிம்.’ ‘நாட் டூ ஷார்ட் அட் தி பேக்.’ ‘கேன் யூ தின் இட் அவுட்?’ ‘லீவ் தி ஃப்ரிஞ்ச்.’ கடைசி வாக்கியத்துக்கு அவர் நெற்றி முடியை வெட்டிவிட்டாராம். ‘லீவ்’ என்றால் கிளம்பு, போ என்றுதான் அவர் படித்திருக்கிறார், முடி போக வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். எந்தத் தேர்வுப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம். அன்றிலிருந்து எல்லோருக்கும் இதே வீட்டுப்பாடம்: வாரத்துக்கு ஒரு கைப்பிடி, தனிச் சொல்லாக இல்லாமல் சொற்றொடராக, யார் எங்கே சொன்னார்கள் என்ற குறிப்போடு. பக்கத்தில் சீன அர்த்தம் எழுதலாம், ஆனால் முழுத் தொடருக்கும் சேர்த்து.

எவ்வளவு சொல் வேண்டும் என்ற கேள்விக்கு நல்ல பதில்கள் ஏற்கெனவே இருக்கின்றன. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட், 1953-இல் அடிக்கடி புழங்கும் சுமார் 2000 சொற்களின் பட்டியலை வெளியிட்டார். நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் கல்லூரிப் படிப்புக்கென்று 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். அங்கேயே பால் நேஷன், ஒரு பக்கத்தில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்தால்தான் அகராதி இல்லாமல் வசதியாகப் படிக்க முடியும் என்ற கணக்கைப் பிரபலமாக்கினார். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். நடைமுறையில் இப்படிப் பாருங்கள்: 250 சொல் வரும் ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்குங்கள். கை மூடிய பிறகும் தெரியாத சொல் வந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

இந்தச் சோதனையில் என் மாணவர்களுக்குத் தேறும் புத்தகங்கள் பெரும்பாலும் சிறுவர் பிரிவில்தான் இருக்கும். அங்கேதான் மானப் பிரச்சினை. எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து படம் போட்ட புத்தகம் படிக்க ஐம்பது வயது பஸ் ஓட்டுநர் சம்மதிக்கமாட்டார். பிராஸ் பாஸா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைகளில், பெரியவர்களுக்காகவே சொல்லளவைக் குறைத்து எழுதிய கதைப் புத்தகங்கள் தேடினால் கிடைக்கும். அதைவிட நன்றாக வேலை செய்தது, கதை ஏற்கெனவே தெரிந்ததைக் கொடுப்பது. குரங்கு அரசன் சுன் வூகோங் கதையை எளிய ஆங்கிலத்தில் கொடுத்தால் அவர் மளமளவென்று படிக்கிறார். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதால் தெரியாத சொல்லின் அர்த்தம் தானே விழுகிறது. சமையல் தெரிந்தவருக்குச் சமையல் குறிப்பும் அப்படித்தான்.

தேர்வுத் தந்திரங்களை மறக்கடிப்பதும் ஒரு வேலை. நாலு விடையில் மூன்று நீளம், ஒன்று குட்டை என்றால் குட்டையை எடு. மூன்று குட்டை, ஒன்று நீளம் என்றால் நீளத்தை எடு என்று சீனாவில் ஒரு வாய்ப்பாடே உண்டு. பத்தியைப் படிக்காமலே விடையைக் கட்டம் கட்டுவார்கள். நான் நாலு விடையையும் கிழித்துவிட்டுக் கேள்வியை மட்டும் கொடுக்கிறேன். அதேபோல் “புரிகிறதா?” என்று நான் கேட்பதே இல்லை. கேட்டால் வகுப்பு மொத்தமும் தலையாட்டும், ஆசிரியர் முகத்துக்கு எதிரே புரியவில்லை என்று சொல்வது மரியாதை இல்லை. ஏதாவது செய்யச் சொன்னால்தான் யாருக்கு எது ஏறவில்லை என்று தெரியும்.

எண்களும் படிப்பில் சேர்த்திதான். ஆங்கிலம் ஆயிரத்தில் ஏறுகிறது, சீனம் பத்தாயிரத்தில் ஏறுகிறது. பத்தாயிரம் ஒரு ‘வான்’, பத்துக் கோடி ஒரு ‘யீ’. ‘ஒன் மில்லியன்’ என்று செய்தியில் படித்ததும் அவர்கள் நூறு வான் என்று மாற்ற வேண்டும், நான் பத்து லட்சம் என்று மாற்ற வேண்டும். வகுப்பில் இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் சம நிலை. ஒரு சின்ன அட்டையில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்: ஹண்ட்ரட் தௌசண்ட் பத்து வான், மில்லியன் நூறு வான், ஹண்ட்ரட் மில்லியன் ஒரு யீ. சொந்த ஊரில் வீடு விற்றுக் காசு கொண்டுவருகிறவர்கள் இதில் தடுமாறினால் இலக்கணப் பிழை போலச் சிரித்துவிட்டுப் போக முடியாது.

இப்போது வகுப்பில் ஓடிக்கொண்டிருப்பது வாடகை ஒப்பந்தம். ஒரு ஸ்டடி மாமா கேட்டுக் கொண்டுவந்தது. வெளிநாட்டவர் வீடு எடுக்கும்போது இங்கே ‘டிப்ளமேட்டிக் க்ளாஸ்’ (தூதரக ஷரத்து) என்று ஒரு பத்தி சேர்ப்பார்கள். வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டாலோ, குறிப்பிட்ட மாதங்கள் தங்கிய பிறகு முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். தூதரக அதிகாரிகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்து அதைத் தாண்டிப் போயிருந்தார். பத்தி முழுவதும் ஒரே வாக்கியம். காலம் காட்டும் வினைகளுக்குக் கோடு போட்டுப் பார்த்தால் ‘இஃப்’ பகுதிகளே மூன்று, முக்கிய வினை ஐந்தாவது வரியில். முதல் வகுப்பில் மூன்று வரி வரை விரல் இடப்பக்கம் போகாமல் வந்திருக்கிறோம். மீதியை அடுத்த செவ்வாய்க்கிழமை பார்க்க வேண்டும். அதற்குள் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.